பெரிய கதவுக்கு நீளப் பலகை

ஜனவரி 9

அன்புள்ள கடுகுக்கு மாமா எழுதுவது.

முதலில் மன்னித்துக்கொள். இந்த எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஒன்று தடியாக, ஒன்று நோஞ்சானாக, வரி மேலே ஏறிக் கீழே இறங்கும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு படி. நாற்பது வருஷம் பலகையும் சுவரும் எழுதிய பெயிண்டரின் கையெழுத்தா இது என்று கேட்பாய். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கடுகு. தெரியாமல் இருந்தது என்று சொல்ல வேண்டும். எட்டு வயதில் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். வாடிக்கைக்காரர் துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பதைப் படம் மாதிரி பார்த்துப் பெரிதாக்கி வரைவேன். மாட்டை வரைகிறவன் மாட்டோடு பேசவா செய்கிறான்? போர்டு எழுதுகிறவனுக்குப் படிக்கத் தெரியாது என்று யாருக்குத் தோன்றும்? உன் அம்மா சாகும்வரை என்னைப் படித்தவன் என்றே நினைத்தாள்.

இதுவரை உனக்கு வந்ததெல்லாம் கீழ்வீட்டுத் தையல்காரர் எழுதியது. கண் எரிகிறது என்று சொல்லி அவரை எழுதச் சொல்வேன். போன வருஷம் "மழையில் மனம் நனைகிறது" என்று ஒரு வரி வந்ததே, அது அவர் சரக்கு. நான் சொன்னது கூரை ஒழுகுகிறது என்று.

இப்போது நூலகத்துப் பின்னறையில் மத்தியானம் மூன்று மணிக்கு வகுப்பு. சொல்லிக் கொடுப்பவர் ஓய்வு பெற்ற நர்ஸம்மா. பதினொரு மாதமாகப் போகிறேன். எழுபத்தொரு வயதில் பஸ் போர்டு, மாத்திரை அட்டை, தீப்பெட்டி எதையும் விடுவதில்லை. நேற்று கடைத்தெருவில் நான் எழுதிய சுவர் ஒன்றைப் படித்தேன். "இங்கே சைக்கிள் நிறுத்தக் கூடாது" என்று இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அதன் கீழேதான் என் சைக்கிளை நிறுத்துகிறேன். கடைக்காரரிடம் "ஏங்க, ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். "எழுதினவரே நிறுத்துறாரே, ஏதோ உரிமை போலன்னு விட்டுட்டேன்" என்கிறார்.

உன் உடம்பு எப்படி? மாப்பிள்ளை, அதுதான் உன் அப்பா, நன்றாகச் சாப்பிடுகிறாரா? நான் படிக்கக் கற்றுக்கொண்டதை அவரிடம் இப்போதைக்குச் சொல்லாதே. பெரிய காரணம் ஒன்றுமில்லை. வெட்கம்தான்.

இங்கே நான் சுகம்.

உன் மாமா


ஜனவரி 22

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்துக்கே எடுத்துப் போய் மூன்று தரம் படித்தேன். எங்கள் மேஜையில் இருக்கும் பத்துப் பேரும் பார்த்துவிட்டார்கள். "மாட்டை வரைகிறவன்" வரிக்கு எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் அழுகையும் வந்தது. இவ்வளவு வருஷம் எப்படி மாமா மறைத்தீர்கள்? அம்மா இருந்தால், "அண்ணன் அமுக்கமான ஆள்டி" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அப்பா நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் எதைப் படித்துக் காட்டினாலும் பழைய கதைதான். ஒரு வரி படித்ததும், "நல்லாப் பாத்தியா? இன்னொரு தடவை படி" என்பார். தன் கண் போனதிலிருந்து யார் கண்ணையும் நம்புவதில்லை. நீங்கள் சொன்னபடி அவரிடம் சொல்லவில்லை. பழைய மாதிரி தையல்காரர் கடிதம் வந்தது என்று ஒரு பொய் சொல்லிவைத்தேன். எனக்கு இது பிடிக்கவில்லை.

உங்களால் எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும். நாங்கள் செய்யும் ஆங்கில-தமிழ் அகராதியில் இன்னும் முதல் எழுத்தைத் தாண்டவில்லை. இந்த வாரம் என் பங்குக்கு வந்த சொல் "அடம்ப்ரேட்". அதிகம் புழங்காத சொல். வரப்போகிற ஒன்றை வேறொன்றின் வழியாக மங்கலாக முன்பே காட்டுவது என்று பொருள். இதன் வேர் லத்தீனில் நிழலைக் குறிக்கும் "உம்ப்ரா". குடைக்கு ஆங்கிலத்தில் சொல்கிறோமே அம்ப்ரெல்லா, அதுவும் இதே குடும்பம். முதலில் இது ஓவியர்களின் சொல்லாக இருந்ததாம். நிழலாகக் கோடு போட்டு உருவத்தின் சாயலை மட்டும் காட்டுவது. உங்கள் தொழிலில் முதலில் மங்கலாகப் போடுவதை என்ன சொல்வீர்கள்? எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் (நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி) தமிழில் நல்ல சொல்லாகக் கேட்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடுகு


பிப்ரவரி 3

அன்புள்ள கடுகுக்கு மாமா எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை.

உன் சொல்லை நோட்டில் இருபது தடவை எழுதினேன். நர்ஸம்மா "இது எந்த மருந்து?" என்று கேட்டார். மருந்தில்லை, என் மருமகளின் பிழைப்பு என்றேன்.

நாங்கள் சும்மா "கோடு போடுவது" என்றுதான் சொல்வோம். சாக்கட்டியால், ஊதினால் போகிற மாதிரி போட வேண்டும். தூரத்திலிருந்து வாடிக்கைக்காரருக்கு ஒன்றும் தெரியாது. எழுதுகிறவனுக்கு மட்டும் முழுப் பலகையும் தெரியும். அதன்மேல் பெயிண்ட் ஏறும். கடைசியில் எழுத்துக்கு நிழல் கொடுப்போம், எப்போதும் வலது பக்கம் கீழே. அதனால் எனக்கு ஒரு சந்தேகம். எங்களிடம் எழுத்துக்குப் பிறகுதான் நிழல். பொருள் வருமுன்னே நிழல் எப்படி வரும்? உங்கள் லத்தீன்காரர் பெயிண்டர் இல்லை போல.

இன்னொன்று கேட்கிறேன். நிழலைப் பார்த்தவன் சும்மா இருந்துவிட்டால் அதற்கும் அந்தச் சொல்லில் இடமுண்டா? சும்மாதான் கேட்டேன். படிக்க ஆரம்பித்ததிலிருந்து கண்டதையும் யோசிக்கிறேன்.

அப்பா அந்தச் சலவைக் கூடத்தைப் பற்றி இன்னும் பேசுவாரா?

உன் மாமா


பிப்ரவரி 14

அன்புள்ள மாமாவுக்கு,

நாங்கள் நலம். முழங்காலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். அட்டையை நீங்களே படித்துத் தேய்த்துக்கொள்ளலாம்.

உங்கள் சந்தேகத்தைப் பூதக்கண்ணாடியிடம் கேட்டேன். எழுந்து போய் வாசலில் நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் வெயில். நிழல் நீண்டு என் மேஜைவரை வந்தது. "ஆள் இன்னும் உள்ள வரல. நிழல் வந்தாச்சு பாத்தியாம்மா?" என்றார். வெளிச்சம் பின்னால் இருந்தால் நிழல் முந்திக்கொள்ளும் மாமா. லத்தீன்காரர் சொன்னது தப்பில்லை. நிழலைப் பார்த்தும் சும்மா இருந்தவனைப் பற்றி அந்தச் சொல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஓரளவு மறைப்பது என்றும் அதற்கு ஒரு பொருள் இருக்கிறது. காட்டுவதும் நிழல், மறைப்பதும் நிழல்.

சலவைக் கூடத்தைப் பற்றி ஏன் கேட்டீர்கள்? அப்பா இப்போது அதிகம் பேசுவதில்லை. நான் அப்போது ஆறு வயதுப் பிள்ளை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கேட்டுத் தெரிந்ததுதான். நீங்கள் சொல்லி அப்பா அந்த வேலைக்குச் சேர்ந்து ஆறாம் நாள். ஆஸ்பத்திரித் துணிகளை நீராவியில் வேகவைக்கும் அறையைத் திறந்துவிட்டார், முகத்தில் அடித்துவிட்டது. கதவில் "திறக்காதே" என்று பலகை இருந்தும் பார்க்காமல் திறந்தார் என்று விசாரணையில் முடித்துவிட்டார்கள்.

முதல் வருஷமெல்லாம், "நான் படிச்சேன். துணி வைக்கிற ரூம்னுதான் போட்டிருந்துச்சு" என்று அடித்துச் சொல்வார். அம்மா விடமாட்டாள். "ரெண்டு வரிய ஒழுங்காப் படிக்கத் தெரியாத ஆளுக்கு என்னைக் கட்டிக் குடுத்துட்டாங்க. எங்கண்ணன் எழுத்து அச்சு மாதிரி இருக்குமே, அதையா தப்பாப் படிப்பாங்க?" என்பாள். கேட்டுக் கேட்டு அப்பாவும் மாறிவிட்டார். இப்போதெல்லாம், "தப்பாத்தான் படிச்சிருப்பேன். என் கண்ணே என்னை ஏமாத்திடுச்சு" என்கிறார். இருபத்தெட்டு வருஷமாக எல்லாவற்றையும் இரண்டு தடவை படிக்கச் சொல்வது அதனால்தான்.

அகராதியில் அந்தச் சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் தேவை. யோசித்து எழுதுங்கள்.

கடுகு


மார்ச் 28

அன்புள்ள மாமாவுக்கு,

ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு என்ன? தையல்காரரின் கடைக்குப் போன் செய்தேன். "நல்லாத்தாம்மா இருக்காரு. தினம் என் கடை வாசல்ல உக்காந்து எழுதுறாரு, கிழிக்கிறாரு. துணி வெட்டுற கத்தரியக் கூடக் கேட்டு வாங்கித் துண்டு துண்டா வெட்டிட்டாரு" என்றார். என்ன எழுதிக் கிழிக்கிறீர்கள்? நான் ஏதாவது தப்பாகக் கேட்டுவிட்டேனா? ஒரு வரி போதும். எழுத்து எப்படி இருந்தாலும் சரி.

அப்பாவும் கேட்கிறார்.

கடுகு


ஏப்ரல் 6

அன்புள்ள கடுகுக்கு மாமா எழுதுவது.

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அதுவே ஒரு குறையோ என்று சில நாள் தோன்றுகிறது.

சலவைக் கூடத்து மேஸ்திரி என்னிடம் இரண்டு துண்டுத் தாள் கொடுத்தார். ஒன்று நீளமாக எழுதியது, ஒன்று குட்டி. குட்டியைச் சிவப்பில் எழுது என்றார். அங்கே நடைக்கோடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இரும்புக் கதவுகள், ஒன்று பெரிது, ஒன்று சின்னது. சிவப்புப் பலகை எந்தக் கதவுக்கு என்றும் சொல்லியிருந்தார். படிக்கத் தெரியாத எனக்கு நிறம்தான் அடையாளம். பலகையைப் பட்டறையில் எழுத உட்கார்ந்தபோது சிவப்பு டப்பா காய்ந்து கிடந்தது. வாங்கப் போகச் சோம்பல். இரண்டையும் கறுப்பில் எழுதிவிட்டேன். நிறமும் போய், மாட்டப் போனபோது சிவப்பில் எழுதச் சொன்னது எதை என்பதே மறந்து, எது எங்கே என்று குழம்பிவிட்டது. யாரையாவது கேட்டிருக்கலாம். போர்டு எழுதுகிறவன் "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று எப்படிக் கேட்பான்? கடைசியில் நானே ஒரு கணக்குப் போட்டேன். நீளப் பலகை பெரிய கதவுக்கு, குட்டிப் பலகை சின்னக் கதவுக்கு. பார்க்க எடுப்பாக இருந்தது.

வகுப்பில் ஒரு நாள் "துணி" என்ற சொல்லை எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். நான் எழுதிய பலகை ஒன்றையும் மறக்கமாட்டேன், படமாக மனசில் நிற்கும். அந்த நீளப் பலகை எனக்குள்ளேயே எழுத்தாக மாறிவிட்டது. "துவைத்த துணிகள் வைக்கும் அறை. கதவை மெதுவாக மூடவும்." அதைத்தான் நீராவி அறையின் பெரிய கதவில் மாட்டியிருக்கிறேன். "நீராவி. திறக்காதே" என்பது துணி அறையில் தொங்கியது.

உன் அப்பா தப்பாகப் படிக்கவில்லை. பலகைதான் இடம் மாறியிருந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது.

உன் மாமா


ஏப்ரல் 19

அன்புள்ள மாமாவுக்கு,

பலமுறை எழுதத் தொடங்கி நிறுத்தினேன். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன், அப்பாவுக்குக் காது கூர்மை.

உங்கள்மேல் கோபப்பட நினைத்தேன், முடியவில்லை. எட்டு வயதில் பட்டறைக்கு அனுப்பியவர்கள்மேல் வந்தது. அம்மாமேல்கூட வந்தது. உங்களுக்குத் தெரியாது. தெரியாமல் செய்ததற்கு இவ்வளவு நாள் நீங்கள் தனியாகக் கிடந்து வெந்திருக்கிறீர்கள். தூங்குங்கள் மாமா. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சொல்லுக்குச் சொல் சரிபார்ப்பது என் தொழில், அதனால் கேட்கிறேன். விசாரணைக்கு வந்தவர்கள் பலகைகளைப் பார்த்துத்தான் எழுதினார்கள். அப்போது அவை சரியான கதவுகளில் இருந்தன. எப்படி?

அப்பாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பாதியைச் சொல்ல எனக்குப் பயம்.

கடுகு


மே 11

கடுகு,

சுகம் விசாரிக்கும் தகுதி இந்தக் கடிதத்துக்கு இல்லை. ஆனாலும் அப்பாவும் நீயும் நன்றாக இருக்க வேண்டும்.

தெரியாது என்று நான் எழுதியது பாதிதான். விபத்து நடந்து இரண்டு நாள் கழித்து, அங்கே விட்டுவந்த என் ஏணியை எடுக்கப் போனேன். நீளப் பலகை சின்னக் கதவில் இருந்தது. பெரிய கதவில் புதிதாக ஆணி அடித்த தடம். எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, என் பலகை எனக்குத் தெரியாதா? மாற்றி மாட்டிவிட்டார்கள் என்பது பார்த்ததுமே புரிந்தது. பக்கத்தில் மேஸ்திரி நின்றார். "உன் வேலை சுத்தம், பெயிண்டரே. பேசாம ஏணிய எடுத்துட்டுப் போ. ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார். எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விசாரணையில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "இப்ப இருக்கிற இடத்துலதான் மாட்டுனியா?" ஆமாம் என்றேன். வெளியே மரப் பெஞ்சில் உன் அம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்னண்ணே கேட்டாங்க?" என்றாள். "ஒண்ணுமில்ல, வா" என்றேன்.

மாமா


ஜூன் 13

மாமா,

உங்கள் கடிதம் வந்து நான்கு வாரமாகிறது. பெஞ்சு எனக்கு நினைவிருக்கிறது. திரும்பி வரும்போது நீங்கள் எனக்கு பலூன் வாங்கித் தந்தீர்கள். இத்தனை வருஷம் அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் காட்டியிருக்கிறீர்கள், கொஞ்சம் மறைத்திருக்கிறீர்கள். இன்னும் ஏதோ இருக்கிறது. வேலை முடிந்த இடத்தில் எந்தப் பெயிண்டரும் ஏணியை விட்டுவிட்டு வரமாட்டான்.

அப்பாவுக்கு நீங்களே எழுதுங்கள். என் வாயால் சொல்லமாட்டேன். ஒரு சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் படித்துக் காட்டுவேன். அது மட்டும் என்னால் முடியும்.

கடுகு


ஜூன் 25

மாப்பிள்ளைக்கு மச்சான் எழுதுவது.

இது தையல்காரர் எழுதியதல்ல. நானே எழுதுகிறேன். உங்கள் மகள் படிக்கிறாள். அவள் குரல் எங்கேயாவது நின்றால் அவசரப்படுத்தாதீர்கள். எழுத்து மோசம், அதனாலும் இருக்கும்.

எனக்குப் படிக்கத் தெரியாமல் இருந்தது, பலகைகளை மாற்றி மாட்டியது, விசாரணையில் பொய் சொன்னது, இந்த மூன்றையும் கடுகுக்கு எழுதிவிட்டேன். அந்தக் கடிதங்களையும் அவள் உங்களுக்குப் படிக்கட்டும். நான்காவது ஒன்று இருக்கிறது. அதை முதலில் கேட்க வேண்டியவர் நீங்கள்.

அன்று காலை பத்தரை மணி இருக்கும். நீளப் பலகையைப் பெரிய கதவில் அடித்து முடித்து ஏணிமேல் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் ஈரத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தீர்கள். அன்றுதான் உங்களை அந்த நடை வேலைக்கு மாற்றியிருந்தார்கள், எந்தக் கதவு எதற்கு என்று உங்களுக்குத் தெரியாது. நின்று, அண்ணாந்து பார்த்து, வாய்விட்டுப் படித்தீர்கள். "துவைத்த துணிகள் வைக்கும் அறை. கதவை மெதுவாக மூடவும்." படித்துவிட்டு, "என்னா எழுத்து மச்சான், கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கே. கெழவியானாலும் என் பொண்டாட்டி உங்க பெருமையத்தான் பேசுவா" என்று சிரித்தீர்கள்.

நீங்கள் படித்ததைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பெரிய கதவு நீராவிக்கு என்று மேஸ்திரி சொல்லியிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சுத்தியல் கையிலேயே இருந்தது. ஆணியைப் பிடுங்கி மாட்ட ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் உங்கள் முன்னால் பிடுங்கினால் ஏன் என்று கேட்பீர்கள். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். இப்போதுதானே புகழ்ந்தீர்கள். சாப்பிட்டுவிட்டு வருவோம், நடையில் ஆள் இல்லாதபோது மாற்றிவிடலாம் என்று ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனேன். "சாப்பிட வாங்க மாப்ளே" என்றேன். "இந்த ஒரு வண்டிய வச்சிட்டு வரேன்" என்றீர்கள். அந்த வண்டித் துணியைக் கொண்டுபோய் வைக்கத்தான் அந்தக் கதவைத் திறந்திருக்கிறீர்கள். நான் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்று இனி யாரிடமும் சொல்லமாட்டேன்.

நீங்கள் படித்தது சரி, மாப்பிள்ளை. ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. உங்கள் கண் உங்களை ஏமாற்றவில்லை. அது நல்ல கண். அதைப் பறித்தவன் நான். அதற்குப் பிறகு உங்கள் பேச்சையும் உங்களிடமிருந்து பறித்துவிட்டேன். "நான் படிச்சேன்" என்று நீங்கள் அடித்துச் சொன்ன அந்த ஒரு வருஷமும், உலகத்திலேயே அது உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். என் தங்கச்சி உங்களை ஏசியபோது, "விடும்மா" என்று பெரிய மனுஷன் மாதிரி சமாதானமும் சொன்னான்.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதக் கற்றுக்கொண்டேன். இந்தக் கடிதத்தில் உங்களிடம் அதைக் கேட்கப் போவதில்லை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. அந்தச் சலவைக் கூடம் இன்னும் நடக்கிறது. மேஸ்திரி செத்துவிட்டார், ஆபீஸ் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். கீழே கையெழுத்தும் போட்டாகிவிட்டது. திங்கட்கிழமை அதை அவர்கள் கையில் கொடுத்து, பழைய விசாரணைத் தாளில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் வரியை அடிக்கச் சொல்லப் போகிறேன். துரத்தினால் மறுபடியும் போவேன்.

நீங்கள் பதில் போட வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை. திட்ட நினைத்தால் கடுகிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். எவ்வளவு காட்டமாக இருந்தாலும் அதை நானே உட்கார்ந்து படிப்பேன், யாரையும் படிக்கச் சொல்லமாட்டேன். திங்கட்கிழமை அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அடுத்த வாரம் உங்களுக்கு எழுதுகிறேன்.

மச்சான்